தனித்து நில்லாத மருந்து

உத்திரமேரூர் வட்டாரத்தில் மிளகு விளைவதில்லை. ஏரிப் பாசனத்தில் நெல்லும், மானாவாரியில் வேர்க்கடலையும், கிணறு உள்ள இடங்களில் கரும்பும் பயிராகும் இந்தச் சமவெளி, ஈரமும் நிழலும் வேண்டி மரத்தைப் பற்றிப் படரும் ஒரு மலைக்கொடிக்கு ஏற்ற இடமன்று. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கொட்டித் தீர்த்துவிட்டுப் போகும் வடகிழக்குப் பருவமழை அதற்குப் போதாது. இருந்தும், இங்குள்ள சிற்றூர்களின் அடுப்படிகளில் அஞ்சறைப் பெட்டியின் ஓர் அறை மிளகுக்கென்று ஒதுங்கியிருக்கிறது. வேலியோரத்தில் ஆடாதொடையும், வரப்பில் அறுகும், கொல்லையில் துளசியும் தூதுவளையும் காசில்லாமல் கிடைக்கும் ஊர்களில், காசு கொடுத்து வாங்கியே தீர வேண்டிய ஒரு பொருள் வீட்டு வைத்தியத்தின் நடுவே வந்து உட்கார்ந்தது எப்படி என்பது ஆராயத்தக்க செய்தி.

இந்த வரவு புதியதன்று. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்டு கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய பெரும்பாணாற்றுப்படையில், பாணன் நடந்து செல்லும் பெருவழியில் மிளகுப் பொதி சுமந்த கழுதைச் சாத்து ஒன்று எதிர்ப்படுகிறது. சாத்து என்பது கூட்டமாகச் செல்லும் வணிகர் குழு. பலாப்பழம் போலப் புடைத்த பொதிகளைச் சுமந்து சுமந்து முதுகில் வடு விழுந்துபோன அக்கழுதைகள் செல்லும் வழியில் உல்கு, அதாவது சுங்கம், வாங்கப்பட்டதையும், வில்லேந்திய காவலர் அங்கே நின்றதையும் புலவர் குறிக்கிறார். மேற்கே மலையில் பறித்த மிளகு, சுங்கம் கொடுத்துக் கழுதை முதுகில் தொண்டை நாட்டுக்குள் வந்துகொண்டிருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. சித்த மருத்துவத்தின் பொருட்பண்பு நூலாகிய குணபாடம் மிளகுக்குக் கறி, மிரியல், கலினை, கோளகம், திரங்கல் எனப் பல பெயர்களைத் தருவதோடு, அது வந்த திசையை மறவாமல் மலையாளி என்ற பெயரையும் சேர்த்துத் தருகிறது.

இப்பெயர்களுள் ‘திரங்கல்’ கவனிக்கத்தக்கது. திரங்குதல் என்றால் உலர்ந்து சுருங்குதல். மிளகு செய்யப்படும் முறையே அதற்குப் பெயராகிவிட்டது. கொடியில் சரம் சரமாகத் தொங்கும் காய்களை, முற்றியும் பழுக்காமல் பச்சையாக இருக்கும் பருவத்திலேயே பறித்து வெயிலில் காயவைத்தால், தோலிலுள்ள நொதிகளின் செயலால் நிறம் கறுத்து, மேல்தோல் சுருங்கி, நமக்குத் தெரிந்த கருமிளகு ஆகிறது. அதே காயைப் பழுக்கவிட்டு, நீரில் ஊறவைத்துத் தோலைத் தேய்த்து நீக்கினால் கிடைப்பது வெள்ளை மிளகு. வால்மிளகோ மிளகுக்கு உறவான வேறொரு கொடியின் காய். தாவரவியலார் மிளகு, திப்பிலி, வெற்றிலை ஆகிய மூன்றையும் ‘பைப்பர்’ என்ற ஒரே பேரினத்தில் வைத்திருக்கின்றனர். ஆகவே தொண்டைக் கட்டுக்கு வெற்றிலையில் மிளகு வைத்து மடித்து மெல்லும் வழக்கம், பங்காளிகள் இருவரை ஒரே வாயில் சேர்த்து வைக்கும் காரியம் என்று சொல்லலாம்.

பழைய சமையலில் காரம் என்றால் அது பெரும்பாலும் மிளகின் காரமே. அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்ச்சுகீசியர் வழியாக 16ஆம் நூற்றாண்டில் புதிய காரக்காய் ஒன்று வந்து சேர்ந்தபோது, அதற்குத் தமிழர் இட்ட பெயர் மிளகாய்: மிளகைப் போல உறைக்கும் காய். வந்தவர் வீட்டுக்காரரானது விரைவிலேயே நடந்தது. கொல்லையில் போட்டாலே காய்க்கும் பயிருக்கும், மலையிலிருந்து விலை கொடுத்து வாங்கும் சரக்குக்கும் அன்றாடக் குழம்பில் போட்டி நெடுநாள் நீடிக்க முடியாது. மிளகு பின்வாங்கிய பிறகும் அது விட்டுக்கொடுக்காத இடங்கள் மூன்று உண்டு. பழைய முறை மாறாத கோயில் மடப்பள்ளி ஒன்று; நீத்தாருக்குச் செய்யும் திதிச் சமையல் மற்றொன்று; நோயாளிக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் ஆக்கும் பத்தியச் சமையல் மூன்றாவது. மிளகின் மருத்துவப் பயன் குறித்த மக்களின் நினைவு இந்த மூன்று சமையல்களில்தான் உறைந்திருக்கிறது.

உத்திரமேரூரிலிருந்து ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயிலின் குடலை இட்லி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மூங்கிலால் முடைந்த, குழாய் போன்ற கூடைக்குக் குடலை என்று பெயர். அதனுள் மந்தாரை இலையைச் சுற்றிலும் அடுக்கி, அரிசியும் உளுந்தும் சற்றுக் கரகரப்பாக அரைத்துப் புளிக்கவைத்த மாவில் நெய், மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம் ஆகியவற்றைக் கலந்து ஊற்றி, மணிக்கணக்கில் ஆவியில் வேகவைக்கிறார்கள். வெந்த இட்லியை இலை நீக்கி வட்ட வட்டமாக அரிந்தால், வெட்டுப்பட்ட முகத்தில் ஒன்றிரண்டாக உடைந்த மிளகு கறுப்பும் வெளுப்புமாகத் தெரியும். முழு மிளகு மாவினுள் சாரத்தை விடாது. நைந்த பொடியோ வேகும் நேரத்துக்குள் மணத்தை இழந்துவிடும். இரண்டுக்கும் நடுவே, பல்லில் கடிபடும் பதத்தில் உடைத்துப் போடுவதே அங்குள்ள நுட்பம். உளுந்து வயிற்றில் வாயுவை உண்டாக்கும் என்பது நாட்டு வழக்கு. அந்த உளுந்தோடு செரிமானத்துக்கென்று பெயர் பெற்ற நான்கு சரக்குகளும் நெய்யும் சேர்ந்தே நிற்பது தற்செயலாக அமைந்ததென்று கொள்வதற்கில்லை.

சித்த மருத்துவம் மிளகை எவ்வாறு பார்க்கிறது என்பதற்கு அதன் அடிப்படைச் சொற்கள் சில தேவைப்படும். உடலின் இயக்கத்தை வளி, அழல், ஐயம் என்ற மூன்று உயிர்த்தாதுக்களாக அம்மருத்துவம் பகுக்கிறது; இவற்றையே மக்கள் வாதம், பித்தம், கபம் என்கிறார்கள். ஒவ்வொரு பொருளுக்கும் நாவில் படும் சுவை, உடலில் அது காட்டும் தன்மை, செரித்தபின் அது அடையும் பிரிவு என மூன்று நிலைகள் உண்டு. மிளகு கார்ப்புச் சுவையும், வெப்பத் தன்மையும், கார்ப்புப் பிரிவும் உடையது. எனவே குளிர்ச்சியால் மிகும் ஐயத்தையும், வயிற்றில் திரளும் வளியையும் தணிக்கும் என்று கருதப்படுகிறது. அதன் செய்கைகளுக்குச் சித்த நூல்கள் இட்டுள்ள பெயர்கள் தனித்தமிழ் ஆர்வலர் எவரும் பொறாமைப்படத்தக்கவை. வயிற்று வாயுவைக் கலைப்பது அகட்டுவாய்வகற்றி. விட்டு விட்டு முறை வைத்து வரும் காய்ச்சலை நீக்குவது முறைவெப்பகற்றி. நஞ்சை முறிப்பது நச்சரி. இந்தக் கடைசிப் பெயர் இன்று எவ்வளவு சிக்கலானது என்பது பின்னர்த் தெரியவரும்.

ஆனால், சித்த மருந்துகளின் சேர்மானங்களை வரிசையாகப் படித்துப் பார்ப்பவருக்கு ஓர் உண்மை விரைவில் புலப்படும். மிளகு தனியாக ஒரு நோய்க்கு மருந்தாக வருவது குறைவு. கூட்டத்தில் ஒருவராக வருவதே மிகுதி. சுக்கு, மிளகு, திப்பிலி ஆகிய மூன்றையும் சமமாகச் சேர்த்த திரிகடுகு, எண்ணற்ற மருந்துகளின் உட்கூறு; பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் ஒன்றுக்கு நல்லாதனார் திரிகடுகம் என்று பெயரிட்டதும், மும்மூன்று கருத்துகளை அதில் ஒவ்வொரு வெண்பாவிலும் வைத்ததும் இம்மருந்தை ஒட்டியே. டெங்குக் காய்ச்சல் பரவிய ஆண்டுகளில் தமிழக அரசு ஊர் ஊராக வழங்கிய நிலவேம்புக் குடிநீரில், நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, பற்படாகம் ஆகியவற்றுக்குப் பின்னால் சுக்கும் மிளகும் நிற்கின்றன. குடிநீர் என்பது இங்கே தண்ணீரைக் குறிப்பதன்று. சரக்குகளை ஒன்றிரண்டாக இடித்து, நீர் விட்டுக் கொதிக்கவைத்து, நாலில் ஒன்றாகவோ எட்டில் ஒன்றாகவோ சுண்டவைத்து வடித்ததற்குச் சித்த மருத்துவம் வைத்த பெயர். அதற்கு ஆயுள் ஒரு சாமம், அதாவது மூன்று மணி நேரம் மட்டுமே என்றும், சரக்கை இடித்துச் சலித்த சூரணத்துக்கு மூன்று மாதம் என்றும் நூல்கள் வரையறுத்துள்ளன. காலையில் காய்ச்சியதை மாலையில் சூடாக்கிக் குடிக்கும் இன்றைய வழக்கம் இந்த வரையறைக்கு முரணானது.

வீட்டு வைத்தியத்திலும் இதே துணைத்தன்மை தொடர்கிறது. சளி இருமலுக்கு ஆடாதொடை இலையோடு மிளகு. உடம்பெல்லாம் தடித்துத் தடித்து அரிக்கும் காணாக்கடிக்கு அறுகம்புல்லோடும் வெற்றிலையோடும் மிளகு. தொண்டைக் கரகரப்புக்குத் தேனோடு மிளகுப் பொடி. வறட்டு இருமலுக்குப் பாலில் மஞ்சளோடு மிளகு. பசியற்றுப் போனவனுக்கு மோரில் சீரகத்தோடு மிளகு. தலையில் வட்டமாக முடி உதிரும் புழுவெட்டுக்கு வெங்காயமும் உப்பும் சேர்த்தரைத்த மிளகுப் பூச்சு. இவற்றுள் எதிலும் மிளகு தனித்து நிற்பதில்லை. விதிவிலக்காகத் தோன்றும் ஒன்று உண்டு: தலைபாரத்துக்கும் விடாத விக்கலுக்கும் ஒரே ஒரு மிளகை ஊசி முனையில் குத்தி, விளக்குச் சுடரில் காட்டி, அது பற்றிப் புகையும்போது அப்புகையை மூக்கால் இழுப்பது. ஊசியைப் பிடித்த விரல் சுடும் முன்பே மூக்கு எரிந்து, கண்ணில் நீர் திரண்டு, ஒரு தும்மல் வந்துவிடும். விக்கல் நிற்பது புகையாலா, அந்தத் திடுக்கிடலாலா என்று பிரித்துச் சொல்வது கடினம். குழந்தைகளுக்கு இதைச் செய்யாமலிருப்பதே நல்லது. மிளகுத் தூள் மூச்சுக் குழலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்தாக முடியும்.

அளவு முறையிலும் மிளகுக்குத் தனியிடம் உண்டு. மற்றச் சரக்குகளை மூன்று விரலால் அள்ளும் திரிகடி அளவு, ஐந்து விரலும் கூடி அள்ளும் வெருகடி அளவு, சுண்டைக்காயளவு என்று உத்தேசமாகச் சொல்லும் பாட்டிமார், மிளகுக்கு வரும்போது மட்டும் எண்ணத் தொடங்குகிறார்கள்: எண்ணி ஐந்து, எண்ணி ஏழு, எண்ணிப் பத்து. ஏறத்தாழ ஒரே பருமனான மணிகளாக இருப்பதால் மிளகை எண்ண முடிகிறது. விலை மிகுந்ததாக இருந்ததால் எண்ண வேண்டியும் இருந்தது. பகைவன் வீட்டில் உண்ணப் போகிறவன் கையில் பத்து மிளகு இருந்தால் போதும் என்ற பழமொழியும் எண்ணிக்கையோடுதான் வழங்குகிறது. இந்தப் பத்தை மனத்தில் வைத்துக்கொள்வது பயன்தரும். அறிவியல் பகுதியில் அது மீண்டும் தலைகாட்டும்.

மருந்தும் சமையலும் ஒரே அடுப்பில் நடந்தன என்பதற்கு இவ்வட்டாரம் ஓர் அரிய சான்றைக் கல்லில் வைத்திருக்கிறது. உத்திரமேரூர் என்றதும் நினைவுக்கு வருவது முதலாம் பராந்தகன் காலத்தில் 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட குடவோலைத் தேர்தல் கல்வெட்டுகளே. பாடப்புத்தகங்கள் அதோடு நின்றுவிடுகின்றன. ஊருக்கு வடகிழக்கே, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்தில் பாலாற்றின் தென்கரையில் உள்ள திருமுக்கூடல் வெங்கடேசப் பெருமாள் கோயிலில், 1063 முதல் 1070 வரை ஆண்ட வீரராசேந்திர சோழனின் நீண்ட கல்வெட்டு ஒன்று இருக்கிறது. வேதம் பயிலும் மாணவர்க்கான கல்விச்சாலை, விடுதி ஆகியவற்றோடு ‘வீரசோழன்’ என்ற பெயரால் ஓர் ஆதுலர் சாலையும் அங்கு நடத்தப்பட்டதை அது விரிவாகக் கூறுகிறது. ஆதுலர் என்றால் நோயுற்றோர். பதினைந்து பேர் தங்கிச் சிகிச்சை பெற அதில் இடமிருந்தது. மருத்துவர் ஒருவருக்கு ஆண்டுக்குத் தொண்ணூறு கலம் நெல்லும் எட்டுக் காசும் என்று ஊதியம் குறிக்கப்பட்டிருக்கிறது. அறுவை செய்வோர் ஒருவர், பணிவிடைப் பெண்கள் இருவர், நாவிதர், தண்ணீர் கொண்டுவருவோர் ஆகியோருக்கும், இரவில் எரியும் விளக்குக்கும், நோயாளி ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்கு ஒரு நாழி அரிசிக்கும் கூட ஒதுக்கீடு உண்டு.

இவர்களுக்கு நடுவே, மூலிகை பறித்து, விறகு கொண்டுவந்து, மருந்து ஆக்கித் தரும் இருவரும் இடம்பெறுகின்றனர். மூலிகையையும் விறகையும் ஒரே கையில் ஒப்படைத்த அந்த ஏற்பாடு, மருந்தை அடுப்பில் ஆக்குவது எவ்வளவு இயல்பாக இருந்தது என்பதைக் காட்டுகிறது. ஓராண்டுக்கென்று இருப்பு வைத்த ஏறக்குறைய இருபது மருந்துகளின் பெயர்களும் கல்வெட்டில் உள்ளன. அவற்றுள் வாசாஹரீதகி என்பது ஆடாதொடையும் கடுக்காயும் சேர்ந்தது. லசுனாத்யேரண்ட தைலம் பூண்டும் ஆமணக்கும் சேர்ந்தது. இரும்புக் கிட்டத்தை அடிப்படையாகக் கொண்ட மண்டூர வடகத்துக்கு ஆயுர்வேத நூல்கள் கூறும் சேர்மானத்தில் சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் வருகின்றன. கல்வெட்டில் மிளகு தன் பெயரால் ஒரு மருந்தாகப் பொறிக்கப்படவில்லை. வழக்கம்போல அது கூட்டத்துக்குள் ஒளிந்திருக்கிறது.

மிளகின் உறைப்புக்குக் காரணமான வேதிப்பொருளை 1819இல் டென்மார்க் நாட்டு அறிஞர் ஆன்ஸ் கிறிஸ்டியன் ஏர்ஸ்டெட் பிரித்தெடுத்தார். மின்னோட்டம் காந்த ஊசியை அசைக்கும் என்று மறு ஆண்டு கண்டறிந்து பெரும்புகழ் பெற்றவரும் இவரே. ஆகவே மிளகு ஆராய்ச்சி அவர் வரலாற்றில் அடிக்குறிப்பாகிவிட்டது. பைப்பரின் என்று பெயர் பெற்ற அப்பொருள் நல்ல மிளகின் எடையில் நூற்றுக்கு ஐந்து முதல் ஒன்பது பங்கு வரை இருக்கும். சூட்டை உணரும் நரம்பு முனைகளின் வாயிலை அது தட்டி எழுப்புவதால், உண்மையில் சூடு ஏறாமலேயே வாய் சூட்டை உணர்கிறது. மிளகாயின் காரப்பொருளும் இதே வாயிலைத்தான் தட்டுகிறது. வெப்பத் தன்மை உடையது என்று சித்தர் மரபு சொன்னதை வெறும் உவமை என்று தள்ளிவிட முடியாது. மணத்துக்குக் காரணமான எண்ணெய் வேறு. அது பெரும்பாலும் தோலில் இருக்கிறது. தோல் நீங்கிய வெள்ளை மிளகு உறைப்பில் குறையாமலும் மணத்தில் மங்கியும் இருப்பதன் காரணம் இதுவே.

துணை மருந்து என்ற மரபுக் கருத்துக்கு அறிவியலின் ஒப்புதல் 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிடைத்தது. ஜம்முவில் இருந்த மண்டல ஆராய்ச்சிக் கூடத்தில் பணியாற்றிய சி. கே. அடல் என்னும் அறிஞர், ஆயுர்வேத மருந்துகளுள் பலவற்றில் திரிகடுகு மீண்டும் மீண்டும் வருவது ஏன் என்று வினவி, அது மற்ற மருந்துகள் உடலில் சேரும் அளவைக் கூட்டுவதற்காக இருக்கலாம் என்று 1979இல் எழுதினார். ஆடாதொடையோடு திப்பிலி சேரும்போது இழுப்பு நோயில் பலன் கூடுவதை அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே ஒருவர் குறித்து வைத்திருந்தார். குடலின் சுவரிலும் கல்லீரலிலும், புதிதாக உள்ளே வரும் பொருளை அடையாளமிட்டு நீரில் கரையும்படி மாற்றி வெளியேற்றும் நொதிகள் இருக்கின்றன. பைப்பரின் அவற்றைச் சிறிது நேரம் மந்தப்படுத்துகிறது. தொண்டை நாட்டுப் பெருவழியில் சுங்கம் கொடுத்து வந்த சரக்கு, குடலின் வழியில் மட்டும் சுங்கக்காரரைக் கண்ணயரச் செய்து, தன்னோடு வருபவர்களை உள்ளே விடுகிறது.

1998இல் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள், மஞ்சளின் சத்தான குர்க்குமினை 2 கிராம் அளவில் மனிதர்களுக்குத் தனியாகக் கொடுத்தபோது அது இரத்தத்தில் ஏறக்குறைய இல்லாத அளவிலேயே காணப்பட்டதையும், 20 மில்லிகிராம் பைப்பரினோடு கொடுத்தபோது உடலில் சேர்ந்த அளவு 2000 விழுக்காடு உயர்ந்ததையும் பதிவுசெய்தனர். ஒரு மிளகின் எடை ஏறத்தாழ 40 முதல் 50 மில்லிகிராம். அதில் பைப்பரின் ஐந்து விழுக்காடு என்று வைத்தால், 20 மில்லிகிராமுக்கு எட்டிலிருந்து பத்து மிளகு வேண்டும். பழமொழியின் பத்து மிளகு இங்கே வந்து நிற்பது காண்பதற்கு அழகாக இருந்தாலும், அதைச் சான்றாகக் கொள்வது பிழை. பிரித்தெடுத்த தூய பைப்பரினும் மென்று விழுங்கிய மிளகும் உடலில் ஒன்றுபோலச் செயல்படும் என்பதற்கில்லை. மஞ்சளில் குர்க்குமின் நூற்றுக்கு மூன்று பங்கு அளவே இருப்பதால், அந்த ஆய்வில் கொடுத்த 2 கிராம் குர்க்குமினைப் பெற அறுபது கிராமுக்கு மேல் மஞ்சள் தின்ன வேண்டும். பாலில் அரைத் தேக்கரண்டி மஞ்சள் கலக்கும் எவரும் அந்த அளவை எட்டுவதில்லை. மேலும், இரத்தத்தில் சேர்வது வேறு, நோயைத் தீர்ப்பது வேறு.

மருந்தாகவே வந்து சேர்ந்த பைப்பரினுக்கு எடுத்துக்காட்டு காசநோய் மாத்திரை. ஜம்மு ஆய்வகத்தின் ஆராய்ச்சியை அடிப்படையாகக் கொண்டு காடிலா நிறுவனம் 2009இல் வெளியிட்ட ‘ரிசோரின்’ என்னும் கூட்டு மருந்தில், வழக்கமாக 450 மில்லிகிராம் கொடுக்கப்படும் ரிஃபாம்பிசின் 200 மில்லிகிராமாகக் குறைக்கப்பட்டு, அதனோடு 300 மில்லிகிராம் ஐசோநியாசிடும் 10 மில்லிகிராம் பைப்பரினும் சேர்க்கப்பட்டன. கணக்குப் பார்த்தால் அது நான்கைந்து மிளகில் உள்ள அளவு. சித்த மருத்துவம் ‘அனுபானம்’ என்று ஒன்றைக் குறிப்பிடும். மருந்தைக் குழைத்தோ கலந்தோ உட்கொள்ளத் துணையாகும் தேன், நெய், பால், வெந்நீர் முதலியவை அவை. மருந்தின் பலன் பாதி அனுபானத்தில் இருக்கிறது என்ற எண்ணத்துக்குப் பின்னால் இருந்த அனுபவம் எத்தகையது என்பதை இந்த மாத்திரை ஓரளவு உணர்த்துகிறது.

உள்ளே விடும் திறம் நன்மையாக மட்டும் முடிவதில்லை. வலிப்பு நோய்க்கான ஃபெனிட்டாயின், இழுப்புக்கான தியோஃபிலின், இரத்த அழுத்தத்துக்கான புரோப்ரனலால் ஆகியவற்றோடு பைப்பரின் சேரும்போது, இரத்தத்தில் அம்மருந்துகளின் அளவு எதிர்பார்த்ததைவிட உயர்வது ஆய்வுகளில் தெரியவந்தது. மிளகு சேர்த்த சூப்போடு ஃபெனிட்டாயின் கொடுத்துப் பார்த்தபோதும் மாற்றம் தென்பட்டது. இவற்றுள் ஃபெனிட்டாயினும் தியோஃபிலினும் குறுகிய எல்லைக்குள் அளந்து கொடுக்கப்படும் மருந்துகள். எல்லை மீறினால் மருந்தே நஞ்சாகும். ஆகவே நாள்தோறும் மாத்திரை உட்கொள்வோர், அன்றாட ரசத்துக்கு மேல் மிளகுக் கஷாயத்தையோ கடையில் விற்கும் பைப்பரின் குளிகைகளையோ வழக்கமாக்கிக்கொள்ளுமுன் மருத்துவரிடம் சொல்லிவிடுவது அவசியம். குடற்புண் உள்ளவருக்கும் மிளகு ஒத்துக்கொள்ளாது. சித்த மருத்துவர்களே அழல் மிகுந்த உடம்புக்கு அதைக் குறைத்துத்தான் கொடுப்பர்.

நச்சரி என்ற பெயரால் விளைந்த தீங்கு இதைவிடக் கடுமையானது. வயல் வேலைக்குப் போனவரைப் பாம்பு தீண்டினால், முதலில் மிளகை மெல்லக் கொடுத்து, காரம் தெரிகிறதா என்று கேட்கும் வழக்கம் சிற்றூர்களில் இன்னும் முற்றாக மறையவில்லை; காரம் தெரிந்தால் விஷம் ஏறவில்லை என்று கொள்வார்கள். இந்தச் சோதனை நம்பத்தக்கதன்று. கண்ணாடி விரியனின் நஞ்சு இரத்தம் உறையும் முறையைக் குலைப்பது. உள்ளே குருதி கசிந்துகொண்டிருக்கும்போதும் நாக்கு மிளகின் காரத்தைத் தடையின்றி உணரும். கட்டுவிரியன் கடித்த இடத்தில் வலிகூடத் தோன்றாது. பல மணி நேரம் கழித்து இமைகள் தாமாகச் சரியத் தொடங்கும்போதுதான் நஞ்சு வெளிப்படும், அந்நிலையில் விழுங்கும் தசைகளும் தளர்வதால் வாயில் எதையும் கொடுப்பது மூச்சடைப்பில் முடியலாம். இந்நஞ்சுகளுக்கு உரிய மாற்று, பாம்பின் விஷத்தைக் கொண்டே தயாரிக்கப்படும் நச்சுமுறி ஊசி ஒன்றே. அதற்கான விஷத்தை எடுத்துத் தரும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இதே பழைய காஞ்சிபுரம் மாவட்டத்தின், இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின், வடநெம்மேலியில் இயங்குகிறது. மிளகு மென்று காத்திருக்கும் அரை மணி நேரம் 108 ஊர்தி மருத்துவமனையை அடையும் நேரம்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது அதிகமில்லை. காய்ந்த பப்பாளி விதை மிளகைப் போலவே கறுத்துச் சுருங்கியிருப்பதால் கலப்படக்காரருக்கு அது பழைய நண்பன். ஒரு குவளை நீரில் போட்டால் கனத்த மிளகு அடியில் தங்க, பப்பாளி விதை மேலே மிதக்கும். சரிவர முற்றாத பொக்கு மிளகும் மிதக்குமாதலால், மிதப்பவை எல்லாம் கலப்படம் என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போவதற்கு முன் ஒன்றை நசுக்கிப் பார்த்துவிடலாம். மிளகுக்குள் வெளுத்த மாவுப் பகுதி நிறைந்திருக்கும். நாவில் வைத்தால் தன்னைத் தானே சொல்லிவிடும்.

பொடித்து வைத்த மிளகு நாளாக நாளாக மணம் இழப்பதோடு, வெளிச்சம் படும் இடத்தில் அதன் பைப்பரினும் உறைப்பு குன்றிய வேறு வடிவத்துக்கு மாறுகிறது. முழு மிளகாக வைத்திருந்து, வேண்டும்போது அம்மியிலோ சிறு உரலிலோ நுணுக்குவதே பழைய வழக்கம். ஒரே மிளகைக் கொண்டு அடுப்படி செய்யும் இரண்டு காரியங்கள் ஒன்றுக்கொன்று எதிரானவை என்பதை இங்கே காணலாம். கஷாயத்தில் மிளகு நீரோடு சேர்ந்து கொதித்துச் சுண்ட வேண்டும், ஏனென்றால் பைப்பரின் நீரில் எளிதாகக் கரைவதில்லை. மணம் போவதைப் பற்றி அங்கே கவலை இல்லை. ரசத்திலோ மணம் போய்விட்டால் எல்லாம் போயிற்று. ஆகவே மிளகும் சீரகமும் நுணுக்கிப் போட்ட பிறகு ரசத்தைக் கொதிக்கவிடாமல், விளிம்பைச் சுற்றி நுரை கட்டி நடுப்பகுதி மேலெழும்பும் அந்த நொடியில் இறக்கிவிடுகிறார்கள். இறக்கியபின் தாளிப்பது நெய்யில். நீரில் கரையாத பைப்பரின் கொழுப்பில் கரையும்.